அந்தத் தம்பி பேராசைப்பட்டு ஏமாறவில்லை

ஒரு தம்பியின் வாலட்டுக்கு (கிரிப்டோ பணத்தை வைத்து அனுப்பும் ஆப்) யாரோ கேட்காமலே சில்லறை அனுப்ப, பிறகு அவர் தன் பணத்தைத் தவறான அட்ரஸுக்கு (கணக்கு எண் மாதிரி) அனுப்பித் தொலைத்துவிட்டார். அந்த ஸ்க்ரீன்ஷாட் மூன்று நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எதைச் சொல்கிறேன் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பெயரையும் ஊரையும் நான் இன்னொரு முறை எழுதப்போவதில்லை. ஆனால் அதற்குக் கீழே வந்த கமென்டுகளைப் படித்தபிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. "சும்மா வந்த காசுக்கு ஆசைப்பட்டான், உள்ளதும் போச்சு." "பேராசை பெருநஷ்டம்." வரிக்கு வரி சிரிப்பு எமோஜி. நடுவில் ஒருவர், கிரிப்டோ வகுப்பு எடுப்பவராம், "இப்படிச் சில்லறை வந்தால் வந்த அட்ரஸுக்கே உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள், வாலட் சுத்தமாகிவிடும்" என்று யோசனை வேறு சொல்லியிருக்கிறார்.

அந்தத் தம்பி எந்தக் காசுக்கும் ஆசைப்படவில்லை. வந்து விழுந்த 0.001 யூஎஸ்டிடியை (தெதர் நிறுவனம் வெளியிடும், ஒரு டாலர் மதிப்புள்ள கிரிப்டோ) அவர் தொடக்கூட இல்லை. தன் காசை, தன் அண்ணனுக்கு, முன்பு அனுப்பிய அதே அட்ரஸுக்கு அனுப்ப நினைத்தார். ஹிஸ்டரியைத் (பழைய பரிவர்த்தனைப் பட்டியல்) திறந்தார், மேலே இருந்த அட்ரஸை காப்பி செய்தார், அனுப்பினார். அது அண்ணனுடையதைப் போலவே இருந்த ஒரு மோசடிக்காரனின் அட்ரஸ். நடந்தது இவ்வளவுதான். இதில் பேராசை எங்கே வந்தது?

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். உங்கள் வாலட் அட்ரஸுக்கு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். உங்கள் அனுமதி வேண்டியதில்லை, நீங்கள் தடுக்கவும் முடியாது. கதவிடுக்கில் யாரோ நோட்டீஸ் செருகிவிட்டுப் போவது மாதிரி. அது வந்ததால் உங்கள் ப்ரைவேட் கீ (பணத்தைச் செலவழிக்கத் தேவையான ரகசியச் சாவி) யாருக்கும் தெரிந்துவிடாது, இருக்கும் பணத்தில் ஒரு பைசா குறையாது. வந்தது அல்ல ஆபத்து. அதன்பிறகு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அது அனுப்பப்படுகிறது.

அந்தத் தம்பிக்கு நடந்தது அட்ரஸ் பாய்சனிங், அதாவது ஹிஸ்டரிக்குள் போலி அட்ரஸைக் கலந்துவிடும் மோசடி. வேலை இப்படி நடக்கும். பிளாக்செயினில், அதாவது கிரிப்டோவின் பொதுப் பதிவேட்டில், எல்லாப் பரிவர்த்தனையும் ஊரறியத் தெரியும். யார் யாருக்கு அடிக்கடி அனுப்புகிறார்கள் என்று மோசடிக்காரர்களின் பாட்கள் (தானாக இயங்கும் நிரல்கள்) பார்த்துக்கொண்டே இருக்கும். நீங்கள் உங்கள் அண்ணனுக்கு ஒருமுறை அனுப்பியதும், அண்ணனின் அட்ரஸைப் போலவே தொடங்கி, போலவே முடிகிற இன்னொரு அட்ரஸை உருவாக்குவார்கள். எத்தீரியம் என்ற பிளாக்செயினின் அட்ரஸில் 0x என்ற முன்னொட்டு போக 40 எழுத்து, ஒவ்வொன்றும் 16 வகையில் ஒன்று. முன்னால் நான்கும் பின்னால் நான்கும் ஒத்துவர, சராசரியாக 429 கோடி முயற்சி போதும். கேட்க மலைப்பாக இருக்கிறது. ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குப் பல கோடி அட்ரஸ்களைப் போட்டுப் பார்த்துவிடும், எனவே இது நிமிடக் கணக்கில் முடிகிற வேலை. யூஎஸ்டிடி ஓடும் இன்னொரு பிளாக்செயினான ட்ரானில் அட்ரஸுக்கு 34 எழுத்து, 58 வகை. கடைசி 5 எழுத்து ஒத்துவர சுமார் 65 கோடி முயற்சி. அதுவும் பெரிய விஷயமில்லை.

அந்தப் போலி அட்ரஸை உங்கள் ஹிஸ்டரிக்குள் நுழைக்க மூன்று வழி வைத்திருக்கிறார்கள். முதல் வழி, அதிலிருந்து உண்மையாகவே 0.001 மாதிரி ஒரு தொகையை அனுப்புவது. இரண்டாவது, யூஎஸ்டிடி என்ற பெயரையே சூட்டிய ஒரு போலி டோக்கனை (பிளாக்செயினில் ஓடும் நாணயம்) உருவாக்கி, நீங்கள் கடைசியாக அனுப்பிய அதே தொகையைக் காட்டுவது. மூன்றாவதுதான் கொடுமை. டோக்கனை இயக்கும் நிரல்களான டோக்கன் ஒப்பந்தங்களில் ட்ரான்ஸ்ஃபர்ஃப்ரம் என்று ஒரு கட்டளை உண்டு. இன்னொருவர் கணக்கிலிருந்து எடுக்க அவர் முன்பே அனுமதித்திருக்க வேண்டும், அனுமதித்த தொகைக்குள்தான் எடுக்கவும் முடியும். ஆனால் எடுக்கும் தொகை பூஜ்யம் என்றால்? அனுமதியும் பூஜ்யம், எடுப்பதும் பூஜ்யம், கணக்கு சரியாகிவிடுகிறது. ஆகவே உங்கள் கையெழுத்தே இல்லாமல், உங்கள் அட்ரஸிலிருந்து மோசடிக்காரனின் அட்ரஸுக்கு 0 யூஎஸ்டிடி போனதாகப் பதிவாகும். உங்கள் ஹிஸ்டரியில் அது நீங்களே அனுப்பியதாகத் தெரியும். 2022 கடைசியில் இது கிளம்பியது. 2023 ஏப்ரலில்தான், எத்தீரியம் பரிவர்த்தனைகளைக் காட்டும் தளமான ஈதர்ஸ்கேன் பூஜ்யத் தொகைப் பதிவுகளைத் தானாகவே மறைக்கத் தொடங்கியது. பல வாலட் ஆப்களில் இன்னும் அவை அப்படியே தெரிகின்றன.

இப்போது சொல்லுங்கள், தான் அனுப்பியதாகத் தன் வாலட்டே காட்டுகிற ஒரு அட்ரஸை ஒருவர் நம்பியது பேராசையா?

"முழு அட்ரஸையும் சரிபார்த்திருக்க வேண்டும்" என்பீர்கள். சரி, பார்த்திருக்கலாம். ஆனால் அந்த வாலட் ஆப் அவருக்கு முழு அட்ரஸைக் காட்டியதா? முன்னால் கொஞ்சம், மூன்று புள்ளி, பின்னால் கொஞ்சம். இதைத்தானே எல்லா ஆப்பும் காட்டுகின்றன? முதல் நான்கையும் கடைசி நான்கையும் பார்த்தால் போதும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யார்? வகுப்பு எடுத்த நீங்கள்தானே? நீங்கள் சொல்லிக்கொடுத்த அந்த எட்டு எழுத்தைத்தான் அவன் அச்சு அசலாகச் செய்து அனுப்புகிறான்.

2024 மே 3 அன்று நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 1,155 ராப்டு பிட்காயினை (எத்தீரியத்தில் ஓடும், பிட்காயின் மதிப்புள்ள டோக்கன்), அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 7 கோடி டாலரை, தவறான அட்ரஸுக்கு அனுப்பினார். சரியான அட்ரஸும் போலி அட்ரஸும் முன்னொட்டுக்குப் பிறகு டி9ஏ1 என்று தொடங்கின, இரண்டும் 853ஏ91 என்று முடிந்தன. பத்து எழுத்து அப்படியே பொருந்தியது. வித்தியாசம் ஐந்தாவது எழுத்தில் தொடங்குகிறது: சரியானதில் பி0பி1, போலியில் சி378. அந்த இடத்தைத்தான் ஆப் மூன்று புள்ளியால் மறைத்துவிடுகிறது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி சில நாளில் திரும்பி வந்தது, ஊரெல்லாம் அவன் பின்னால் துரத்தியதால். ஐந்தாயிரம் பத்தாயிரம் யூஎஸ்டிடி தொலைத்தவருக்காக யார் துரத்தப்போகிறார்கள்?

"முதலில் ஒரு டெஸ்ட் அனுப்பிப் பார்த்திருக்கணும்" என்று எழுதியவர்களுக்கு. முதலில் சிறு தொகை அனுப்பிப் பார்க்கும் டெஸ்ட் நல்ல பழக்கம்தான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் 2025 டிசம்பரில் ஒருவர் ஒழுங்காக 50 யூஎஸ்டிடி டெஸ்ட் அனுப்பினார். அது சரியாகப் போய்ச் சேர்ந்தது. அந்த டெஸ்டைப் பார்த்ததும் பாட் போலி அட்ரஸிலிருந்து சில்லறையை அனுப்பியது. அடுத்து அவர் ஹிஸ்டரியிலிருந்து காப்பி செய்து 4,99,99,950 யூஎஸ்டிடி அனுப்பினார். போய்விட்டது. டெஸ்டும் பெரிய தொகையும் ஒரே அட்ரஸ் புக் (ஆப்பில் பெயர் போட்டுச் சேமித்த அட்ரஸ்களின் பட்டியல்) பதிவிலிருந்து போனால்தான் டெஸ்டுக்கு அர்த்தம். இடையில் ஹிஸ்டரியைத் திறந்துவிட்டால், அவனைக் கூப்பிட்டு இடம் கொடுத்ததாகத்தான் முடியும்.

கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022 ஜூலை முதல் 2024 ஜூன் வரை எத்தீரியத்தையும், பிஎன்பி செயின் என்ற இன்னொரு பிளாக்செயினையும் அலசினார்கள். 27 கோடி பாய்சனிங் முயற்சிகள், 1.7 கோடி இலக்குகள். பணம் போன சம்பவங்கள் 6,633. இழப்பு குறைந்தது 8.38 கோடி டாலர். நாற்பதாயிரம் முயற்சிக்கு ஒன்று பலித்தால் போதும் அவனுக்கு. அந்த ஒன்றில் நம் ஆள் ஒருவர் மாட்டிக்கொண்டார் என்பதற்காக, மற்ற எல்லோரும் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் ஆகிவிட முடியாது. அவர்கள் அன்றைக்கு ஹிஸ்டரியிலிருந்து காப்பி செய்யவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்து அந்த "திருப்பி அனுப்புங்கள்" யோசனை. இதைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. எத்தீரியத்திலும் ட்ரானிலும் திருப்பி அனுப்பினால் முதலில் ஃபீஸ் உங்கள் கையிலிருந்து போகும். வந்த தொகையைவிட அது பல மடங்கு. அதைவிட முக்கியம், இதுவரை போலியாக நுழைந்திருந்த அவன் அட்ரஸ், இப்போது நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பிய உண்மையான பதிவாக உங்கள் ஹிஸ்டரியில் உட்கார்ந்துவிடும். அவன் செய்ய முடியாத வேலையை நீங்களே அவனுக்குச் செய்துகொடுக்கிறீர்கள்.

பிட்காயினில் இன்னும் மோசம். அங்கே நோக்கமே வேறு, உளவு. பிட்காயினில் பணம் ஒரே மொத்தமாக இருப்பதில்லை, வந்த ஒவ்வொரு தொகையும் தனித்தனித் துண்டாக இருக்கும். 546 சடோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) அனுப்புவார்கள். ஏன் 546? பழைய வகை அட்ரஸில் ஒரு துண்டைப் பதிய 34 பைட், அதைப் பின்னால் செலவழிக்க 148 பைட், ஆக 182. பைட்டுக்கு 3 சடோஷி வீதம் 546. அதற்குக் கீழே இருந்தால் டஸ்ட் (தூசு), பிட்காயின் கோர் என்ற மென்பொருள் ஓடும் நெட்வொர்க் கணினிகள் பரிவர்த்தனையையே கடத்தாது.  அந்த 546-ஐத் திருப்பி அனுப்ப, ஃபீஸுக்காக வாலட் உங்களுடைய வேறொரு துண்டையும் சேர்த்து எடுக்கும். இரண்டும் ஒரே பரிவர்த்தனையில் உள்ளே போனால், இரண்டும் ஒரே ஆளுடையது என்று பார்ப்பவனுக்குத் தெரிந்துவிடும். அதற்காகத்தானே அனுப்பினான்? 2019 ஆகஸ்டில் லைட்காயின் என்ற இன்னொரு கிரிப்டோவில் சுமார் 3 லட்சம் அட்ரஸ்களுக்கு இப்படி 0.00000546 லைட்காயின் போய் விழுந்தது. செய்ய வேண்டியது ஒன்றுதான். ஸ்பாரோ என்ற பிட்காயின் வாலட்டில், துண்டுகளைக் காட்டும் யூடிஎக்ஸ்ஓ பக்கத்தில் அந்தத் துண்டின் மேல் ரைட் கிளிக் செய்து ஃப்ரீஸ் கொடுங்கள். எலக்ட்ரம் வாலட்டில் வியூ மெனுவில் காயின்ஸ் பக்கத்தைக் காட்டச் சொல்லி, அங்கே ஃப்ரீஸ் செய்யுங்கள். பிறகு அதை மறந்துவிடலாம். காயின் கன்ட்ரோல் (எந்தத் துண்டைச் செலவழிப்பது என்று நாமே தேர்ந்தெடுக்கும் வசதி) இல்லாத வாலட்டில் பிட்காயின் வைத்திருந்தால் இதற்காகவே மாறலாம்.

தெரியாத டோக்கன், என்எஃப்டி (படம் போன்றவற்றுக்கான டிஜிட்டல் உரிமைச் சீட்டு), பெயரிலேயே ஒரு வெப்சைட் முகவரியோடு வந்தால் அந்த சைட்டுக்குப் போகாதீர்கள், விற்கப் பார்க்காதீர்கள். அங்கே கேட்கும் அப்ரூவலை (உங்கள் டோக்கனை எடுக்க அனுமதி) கொடுத்தால் உங்கள் உண்மையான டோக்கன் போகும். ஆப்பில் ஹைட் செய்தால் போதும்.

"கிரிப்டோவே மோசடி, அதில் போனால் போகட்டும்" என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. போனது ஒரு மனிதரின் உழைப்பு.

வாங்கியவன் மேல் பழி போடுவது எவ்வளவு தப்பு என்பதற்கு அரசாங்கமே சாட்சி. 2022 ஆகஸ்டில் அமெரிக்கா டொர்னாடோ கேஷைத் (கிரிப்டோ எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கும் சேவை) தடைசெய்ததும், யாரோ அதிலிருந்து பிரபலங்களின் அட்ரஸ்களுக்கு 0.1 ஈதர் வீதம் அனுப்பினார்கள். தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி ஃபாலனுக்குக்கூட. தடைசெய்த அதே கருவூலத் துறை அடுத்த மாதமே, கேட்காமல் இப்படிச் சில்லறை வந்தவர்கள் அதைப் பற்றிய அறிக்கையைத் தாமதமாகத் தந்ததற்காக நடவடிக்கை எடுப்பது தனக்கு முன்னுரிமை இல்லை என்று விளக்கம் கொடுத்தது. அவர்களுக்கே புரிந்தது. நம் ஆட்களுக்குத்தான் ஒருவர் அழும்போது பழமொழி ஞாபகம் வருகிறது.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: ஹிஸ்டரியிலிருந்து அட்ரஸை எடுக்காதீர்கள். அண்ணனுடையதோ எக்ஸ்சேஞ்சினுடையதோ, ஒருமுறை வாங்கி, போன் செய்து நடு எழுத்துகளை வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்து, அட்ரஸ் புக்கில் பெயர் போட்டு வையுங்கள். எப்போதும் அங்கிருந்தே அனுப்புங்கள். எக்ஸ்சேஞ்சில் வித்ட்ராவல் வொயிட்லிஸ்ட் (நீங்கள் முன்பே சேர்த்த அட்ரஸ்களுக்கு மட்டும் பணம் போக விடும் வசதி) இருந்தால் போடுங்கள். ஹார்ட்வேர் வாலட் (சாவியைத் தனியாக வைத்திருக்கும் சிறு கருவி) என்றால் அதன் திரையில் வருவதை முழுதாக, நடுப்பகுதியையும் சேர்த்துப் படியுங்கள். வாலட் ஆப் செய்கிறவர்களிடமும் கேட்க வேண்டும்: ஒரு டாலருக்குக் கீழே வந்ததை ஏன் மறைத்துவிடக்கூடாது? புதிய அட்ரஸ் பழைய அட்ரஸைப் போல இருந்தால் ஏன் எச்சரிக்கக்கூடாது? இரண்டுமே முடியாத வேலை இல்லை. பாதிக்கப்பட்டவரைத் திட்டும் நேரத்தில் நூறு பேர் இதைக் கேட்டிருந்தால் ஏதாவது நடந்திருக்கும்.

யாருக்காவது இது நடந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாதீர்கள். இப்படிச் சிரித்தால் யார் வெளியே சொல்வார்கள்? சொல்லாமல் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவனுக்கு லாபம். ட்ரான்ஸாக்ஷன் ஐடி, போலி அட்ரஸ், சரியான அட்ரஸ், நேரம், இந்த நான்கையும் எழுதி எடுத்துக்கொண்டு, இந்தியாவில் இருந்தால் 1930-க்கு உடனே போன் செய்து சைபர் கிரைம் போர்ட்டலில் புகார் பதியுங்கள். யூஎஸ்டிடி அவன் அட்ரஸிலேயே இருக்கும்வரை தெதர் நிறுவனத்தால் அதை முடக்க முடியும், போலீஸ் கேட்டால் முடக்கியும் இருக்கிறார்கள். அதனால்தான் விவரம் தெரிந்தவன் கைக்கு வந்ததும் அதை வேறு காயினாக மாற்றிவிடுகிறான். பிறகு இன்பாக்ஸில் "பணத்தை மீட்டுத் தருகிறேன், முன்பணம் கொடு, சீட் ஃப்ரேஸ் (வாலட்டைத் திறக்கும் ரகசியச் சொற்கள்) கொடு" என்று வருவார்கள். பணம் தொலைத்தவர்களைத் தேடித்தான் வருகிறார்கள். அந்தத் தம்பியின் பெயரோடும் அட்ரஸோடும் படம் போட்டவர்கள், இன்று இரவுக்குள் அதை எடுத்துவிடுங்கள்.