சம்பளம் வாங்கினால் கால் சரியாகிவிடுமா?

இடது காலில், காலைத் தாங்கும் கருவியான காலிப்பரை மாட்டிக்கொண்டு 35 வருடமாக நடக்கிறேன். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் ஊனம் 60 சதவீதம் என்று போட்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, சலுகைகளுக்குரிய ஊனமாகக் கருத 40 சதவீதம் இருந்தாலே போதும். ஆனால் போன வாரம் உதவித்தொகை மனுவை நீட்டியபோது, மேசைக்குப் பின்னால் இருந்தவர் அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேலைக்குப் போகிறீர்களா?"

"அச்சகத்தில் பில் போடுகிறேன், சார்."

"பிறகென்ன?"

அந்தப் 'பிறகென்ன' இன்னும் காதில் குடைந்துகொண்டிருக்கிறது. காலிப்பரின் தோல் வார் வியர்வையில் ஊறி ஆறு மாதத்தில் இற்றுப்போகிறது. பஸ் படிக்கட்டோ இடுப்பு உயரம்; மழை பெய்தால் ஆட்டோதான். வீட்டோடு கிடந்தால் இந்தச் செலவெல்லாம் ஏது? வேலைக்குப் போவதால்தானே இவ்வளவும்!

வருமான வரியில் சலுகை உண்டே என்பார்கள். உண்டு, வரிக்குரிய வருமானத்தில் 75,000 ரூபாய் கழிவு. அதுவும் பழைய வரி முறையில் மட்டும். என் சம்பளத்துக்கு எந்த முறையிலும் வரியே வராது. மொட்டைத் தலையனுக்குச் சீப்பு கொடுத்த கதைதான்.

இதில் வேடிக்கை, உறவினர் ஒருவர் சொன்ன யோசனை: "வேலை இல்லை என்று எழுதிக்கொடுத்துவிடேன்." படித்து, அலைந்து, கெஞ்சி வாங்கிய வேலையை நானே மறைக்க வேண்டுமாம்!

வருமானச் சான்றிதழோடு திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அலுவலகம் இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. அன்றைக்கு அரை நாள் சம்பளமும் போகும்.