உயிர்ப்பை நம்புகிறவர் வீட்டில் கூலி பாக்கி நிற்கலாமா?

ஞாயிறுதோறும் பூசையில் எழுந்து நின்று, உடலின் உயிர்ப்பையும் நிலைவாழ்வையும் நம்புகிறேன் என்று வாய்விட்டுச் சொல்கிறோம். காவிரிப் படுகையின் கத்தோலிக்கப் பங்குகளில் தலைமுறை தலைமுறையாக அதைச் சொல்லிவரும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஒருவர் அதை மனதார நம்பினால், அந்த நம்பிக்கை அவருடைய கணக்கு நோட்டிலும் களத்துமேட்டிலும் கல்லறைத் தோட்டத்திலும் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. மறுமையைத் துக்க வீட்டு ஆறுதலாக மட்டும் வைத்துக்கொண்டால் செத்தவரைப் பற்றிப் பேச நமக்கு நாலு வார்த்தை கிடைக்கும். இருப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இராது.

கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தை நம் அடக்கப் பூசைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். 58 வசனங்கள் கொண்ட அந்த நீண்ட அதிகாரம் முழுவதும் இறந்தோர் உயிர்த்தெழுவதைப் பற்றியே பேசுகிறது. உயிர்ப்பு இல்லையென்றால் உண்போம், குடிப்போம், நாளைக்குச் சாவோம் என்று இருந்துவிட வேண்டியதுதானே என்று நடுவில் கேட்கிறவர், கடைசி வசனத்தில், ஆகவே உறுதியாக நில்லுங்கள், ஆண்டவருக்காக நீங்கள் படும் பாடு வீண்போகாது என்று முடிக்கிறார். அதற்கு அடுத்த வரியிலேயே, எருசலேமில் இருக்கும் இறைமக்களுக்காகத் திரட்டும் காணிக்கையைப் பற்றிப் பேசத் தொடங்கி, வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்து வையுங்கள் என்கிறார். அதிகாரப் பிரிவுகள் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவை. பவுல் மூச்சு விடாமல் உயிர்ப்பிலிருந்து உண்டியலுக்கு வந்திருக்கிறார். நாம் அடக்கப் பூசையில் முதல் பாதியை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

நம்மைப் போன்ற நெல் விளையும் ஊர்க்காரர்களுக்கு யாக்கோபு எழுதிய திருமுகத்தின் 5ஆம் அதிகாரம் இன்னும் நெருக்கமானது. வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்றும், அந்தக் குரல் ஆண்டவரின் காதில் விழுந்துவிட்டது என்றும் அவர் எழுதுகிறார். இன்று இங்கே அறுப்புக்குப் பெரும்பாலும் இயந்திரம் வந்துவிட்டது. நடவுக்கும் களைக்கும் பெண்கள்தாம் இறங்குகிறார்கள். கொள்முதல் பணம் ஏறட்டும், தருகிறேன் என்ற பதிலை அவர்கள் கேட்கிறார்கள். ஈரப்பதம் கூடினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டை நகராது; மழையில் நனையும் நெல்லோடு காத்துக் கிடக்கும் விவசாயியின் நெருக்கடி எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்துக்குத் தெரு அடைத்துப் பந்தல் போட முடிகிற வீட்டில், நாற்றுப் பறித்தவருக்கு மட்டும் பணம் இல்லாமல் போவதற்கு நெருக்கடி என்ற பெயர் பொருந்தாது.

மோட்சத்தைக் காட்டிக் கூலிக்காரர்களின் வாயை அடைத்தவர்கள் என்று நம் மாவட்டங்களின் பொதுவுடைமைத் தோழர்கள் மதத்தின்மீது குற்றம் சொல்வார்கள். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதிலிருந்து மூண்ட பகையில், 1968 டிசம்பர் 25 இரவு, நாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய அந்த நாளில், கீழ்வெண்மணியில் 44 பேரை உயிரோடு எரித்துக் கொன்ற மண் இது. ஆகவே அந்தக் குற்றச்சாட்டை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் இயேசு மறுமையைப் பற்றிப் பேசிய இடங்களை எடுத்துப் பாருங்கள். வாசலில் கிடந்த ஏழை லாசரைத் தாண்டித் தாண்டிப் போன பணக்காரனிடம்தான் அங்கே கணக்குக் கேட்கப்படுகிறது. மத்தேயு 25இல் இறுதித் தீர்ப்பு நாளில் கேட்கப்படுவதெல்லாம் பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, உடையில்லாதவனுக்கு உடுத்தக் கொடுத்தாயா என்பவைதாம். மறுமை, இருப்பவனைத் தூங்கவிடாமல் செய்ய வேண்டிய போதனை. அதை இல்லாதவனுக்குத் தாலாட்டாகப் பாடியது நாம் செய்த திரிப்பு.

அப்படி நம்பி நடந்தவர்கள் இங்கேயே இருந்திருக்கிறார்கள். ஐதர் அலியின் படையெடுப்பில் 1781இல் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பஞ்சம் வந்தபோது, அரண்மனை விலை கொடுக்கும் என்பதை நம்பாமல் குடியானவர்கள் மாடும் தானியமும் தர மறுத்தார்கள். தஞ்சையில் வேதபோதகராக இருந்த சுவார்ட்ஸ் ஐயர் தம் பெயரில் வாக்குக் கொடுத்த பிறகே தானியம் உள்ளே வந்தது, அவர் பேசியபடி பணமும் கொடுக்கப்பட்டது. ஒரு வேதபோதகரின் மறுமை நம்பிக்கையை ஊரார் அவருடைய பாக்கியில்லாத கணக்கை வைத்து அளந்தார்கள் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். மாயவரத்தில் முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக இருந்த கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை, 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் தம் சொத்தைச் செலவிட்டுக் கஞ்சி ஊற்றினார். சிவபக்தரான கோபாலகிருஷ்ண பாரதியாரே அவரைப் புகழ்ந்து பாடினார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். தகப்பனார் இறந்து முப்பதாம் நாள் பூசைக்குள், மகன்கள் அவருடைய நீள நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பெயருக்கு நேரே கோடு அடிக்காமல் விட்டிருந்த ஒவ்வொரு பாக்கியையும் தேடிப்போய்க் கொடுத்தார்கள். அதில் ஒரு நடவுக்கார அம்மாள் இறந்துபோயிருந்தார். மகள் திருவாரூர்ப் பக்கம் கட்டிக்கொடுக்கப்பட்டவர் என்று விசாரித்து, பேருந்து ஏறிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். அப்பா அங்கே போய்க் கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பார், நாம் இங்கே முடித்துக் கொடுப்போம் என்று மூத்தவர் சொன்னார். மோட்சம் சேருமுன் தூய்மை பெறும் உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காக நாம் ஒப்புக்கொடுக்கும் பூசைகளோடு இதையும் ஒரு மன்றாட்டாகவே கருதுகிறேன்.

கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறேன். நவம்பர் 2ஆம் தேதி, ஐப்பசி அடைமழைக்கு நடுவில், புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை போட்டு, குடை பிடித்து மெழுகுவர்த்தி அணையாமல் காக்கிறோம். அந்த அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் திருச்சி மேலப்புதூரில் கல்லறைகளுக்கு நடுவே சாதிச் சுவர் நின்றதும், அதை இடிக்கச் சொல்லிப் போராட்டம் நடந்ததும் நாடறிந்த செய்திகள். சுவர் இல்லாத ஊர்களிலும் யாருக்கு எந்த மூலை என்பது சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். எக்காளம் தொனிக்கும்போது இறந்தோர் எல்லாரும் எழுந்து ஒரே ஆண்டவர்முன் நிற்பார்கள் என்று நம்புகிறவர், அதுவரைக்கும் தம் எலும்பை இன்னொருவர் எலும்பிலிருந்து பிரித்து வைக்கச் சொல்கிறார் என்றால், அவர் சுவரை நம்புகிறார், உயிர்ப்பை நம்பவில்லை என்றே நான் சொல்வேன்.

கல்லறைத் திருநாளுக்கு முன் பங்குப் பேரவை கூடும்போது, இனி அடக்கத்துக்கான இடம் எந்தத் தெருக்காரர் என்று பார்த்து அல்லாமல் இறந்த வரிசைப்படி ஒதுக்கப்பட வேண்டும் என்று மனு கொடுக்கப்போகிறேன். எங்கள் தாத்தா, பாட்டி கல்லறைக்குப் பக்கத்தில் குடும்பத்துக்கென்று வைத்திருக்கும் இடத்தையும் அந்த வரிசைக்கே விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருக்கிறது. வீட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். உடன்படுகிற பங்கு மக்கள் என்னோடு பேசுங்கள், உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன்.