உழைப்பால் உயர்ந்தவர், சரி, யாருடைய உழைப்பால்?

தன்வரலாறு எழுதியவர் ஏழை வீட்டுப் பிள்ளை என்றால், வெளியீட்டு விழாவில் பேசுகிறவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். மண்ணெண்ணெய் விளக்கு, ஒற்றைச் சட்டை, பழங்கஞ்சி, அப்புறம் "உழைப்பால் உயர்ந்தவர்". கைதட்டல், பொன்னாடை, காப்பி, வடை. யாருடைய உழைப்பு என்று மட்டும் மேடையில் யாரும் கேட்பதில்லை.

நம் குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் இப்படித்தான் எழுதினார். நல்ல புத்தகம், கண்ணீர் வர வைக்கும். அவருடைய அக்காள் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போனதும் அதில் உண்டு, இரண்டே வரியில். புத்தகம் வந்த பிறகு அக்காள் பேச்சை நிறுத்திவிட்டாள். குடும்ப மானத்தைச் சந்திக்கு இழுத்துவிட்டான் என்று கோபம் போலும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவள் கேட்டது வேறு. "நான் அண்டி ஆபீசுக்குப் போனேன்னு எழுதியிருக்க, செரி. எதுக்குப் போனேன்னு ஏன் எழுதல மக்கா?" தம்பியின் ஃபீஸுக்குத்தான் போனாள்.

அண்டி ஆபீசில் வேலை பார்த்த பெண்களின் கையைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். வறுத்த முந்திரிக்கொட்டையை உடைக்கும்போது ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொள்ளவைக்கும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு எத்தனை நல்ல சேலை கட்டிப் போனாலும் விரல் கருப்பாகத்தான் இருக்கும். கூலி எடைக்குத்தான், பருப்பு நொறுங்கினால் சூப்பர்வைசரிடம் ஏச்சு வேறு. அந்த வேலைக்கு இரண்டு வரி போதுமா?

பனையேறிக் குடும்பத்துக் கதைகளிலும் இதையே பார்க்கிறேன். அப்பா பனையிலிருந்து விழுந்த நாளுக்கு ஓர் அத்தியாயம். விழத்தான் செய்தார்கள், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் இறக்கிய அக்கானி, அதாவது பதநீர், புளிக்கும் முன்னால் அடுப்பேறியாக வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினாலும் ரொம்ப நேரம் தாங்காது. மணிக்கணக்காகக் கொதித்துப் பாகு பதத்துக்கு வரும் வரை விடிலியில், அதாவது அக்கானி காய்ச்சும் குடிசையில், புகைக்குள் உட்கார்ந்து கிண்டியது அம்மா. அத்தனை அடுப்புக்கும் சுள்ளியும் சருகும் பொறுக்கி வந்ததும் அவளே. பனங்காலம் முழுக்க இதுதான் பாடு. சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டியை விற்கத் திங்கள்சந்தைக்குச் சுமந்ததும் பெரும்பாலும் அவள் தலைதான். புத்தகத்தில் அவள் "தியாகி" ஆகிவிடுவாள். தியாகி என்று எழுதிவிட்டால் அவள் செய்த வேலையை எழுத வேண்டியதில்லை, பாருங்கள்.

அவளே எழுதினால் எப்படி இருக்கும்? நம் மாவட்டத்தில் அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. அழகிய நாயகி அம்மாள், எழுத்தாளர் பொன்னீலனின் தாயார். தன் வாழ்க்கையையும் குடும்பக் கதையையும் நம்மூர்ப் பேச்சிலேயே எழுதினார். 'கவலை' என்ற பெயரில் 1998-ல் அது புத்தகமாக வந்தது. வெளியிட்டது பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். மகனுக்கு 1994-லேயே சாகித்திய அகாதமி விருது கிடைத்துவிட்டது. மகன் எழுதினால் இலக்கியம், அம்மா எழுதினால் நாட்டார் வழக்காறா என்று எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு தோன்றியது, வழக்காற்று ஆய்வாளர்கள் கைக்குப் போனதும் நல்லதுக்குத்தான். வேறு யாராவது என்றால் "நல்ல தமிழுக்கு" மாற்றுகிறேன் என்று உட்கார்ந்து அந்தப் பேச்சின் உயிரை எடுத்திருப்பார்கள். படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள். முதல் சில பக்கங்கள் வட்டார வழக்கு கொஞ்சம் இடறும், வெளியூர்க்காரர்களுக்கு ரொம்பவே. அதன் பிறகு விடாது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் நம் மாவட்டம், 91.75 சதவீதம். பெருமை பேசிக்கொள்கிறோம். ஆனால் அத்தனை எழுத்தறிவும் எங்கே போனது? வளைகுடாவுக்கு வாரம் தவறாமல் கடிதம் எழுதிய பெண்கள் எத்தனை பேர்! வீட்டுச் செலவு, சீட்டுப் பணம், மாமியார் சண்டை, பிள்ளையின் காய்ச்சல் எல்லாம் நாலு பக்கத்தில் எழுதத் தெரிந்தவர்கள். தன்வரலாறு எழுத இதைவிட என்ன பயிற்சி வேண்டும்? ஜெயித்தவர்கள்தான் எழுதலாம் என்று நாம் முடிவு கட்டி வைத்திருக்கிறோம், அதுதான் சிக்கல். கரையேறிய தம்பி எழுதுவான், அக்காள் அவன் புத்தகத்தில் இரண்டு வரியாக இருப்பாள்.

நண்பர் இரண்டாம் பதிப்பில் திருத்துவதாகச் சொல்கிறார். அக்காள் சொல்லச் சொல்ல அப்படியே எழுதிச் சேர்த்துவிடு என்று சொல்லியிருக்கிறேன். அவள் ஒத்துக்கொள்வாளா தெரியவில்லை.

கருங்கல், குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீசிலோ விடிலியிலோ வேலை செய்த அம்மாமார் யாராவது நோட்டில் எதையாவது எழுதி வைத்திருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். கணக்கு நோட்டு, கடிதம், எதுவானாலும் சரி. தட்டச்சு செய்து தருகிறேன். எழுத்துப் பிழையைத் திருத்த மாட்டேன்.