கரும்பலகையில் பேர் எழுதியவன்

நான் முதன்முதலாகத் தலைவன் ஆனது ஆறாம் வகுப்பில். வெளியே கிளம்பும்போது சார் ஒரு துண்டு சாக்பீஸைக் கையில் கொடுத்து, "பேசுறவன் பேரை எழுதி வை" என்றார். பதவி அவ்வளவுதான். எழுதினேன். எனக்கு ஆகாதவன் வாயே திறக்காவிட்டாலும் எழுதினேன். கொடுக்காப்புளி தந்தவன் பேரை அழித்தேன். அடங்காதவர்கள் பேருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டேன். ஒரு குறிக்கு ஓர் அடி. நம்மில் நிறையப் பேருக்குப் பள்ளியில் கிடைத்த தலைமைப் பயிற்சி இதுதான். கூட இருப்பவனைக் கண்காணி, மேலே இருப்பவரிடம் சொல்லு.

இப்போது இது ஏன் ஞாபகம் வந்தது என்றால், ஒன்றரை வருடமாக நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர் நூலகக் கட்டடத்தில், ஞாயிறு மதியம் 15 முதல் 21 வயது வரையிலான பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம். நோட்டீஸில் 'இளைஞர் தலைமைப் பண்புப் பயிற்சி' என்று போட்டோம். காதல், நட்பு, கல்யாணம் பற்றிப் பேசுவோம் என்று போட்டிருந்தால் ஒரு வீட்டிலும் பொம்பளைப் பிள்ளையை அனுப்பியிருக்க மாட்டார்கள். பாதிப் பொய்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டும் ஒரே பாடம் என்பது போகப் போகத்தான் புரிந்தது. அன்று கரும்பலகையில் பேர் எழுதியவன்தான் வளர்ந்தபிறகு காதலியின் 'லாஸ்ட் சீன்' பார்த்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணிவரை விழித்திருக்கிறான்.

முதல் கூட்டத்தைச் சொதப்பினோம். ஊர் வழக்கப்படி சிறப்பு விருந்தினர், பொன்னாடை, குத்துவிளக்கு எல்லாம் உண்டு. விருந்தினர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, தான் எப்படி முன்னுக்கு வந்தேன் என்று நாற்பது நிமிடம் பேசினார். பிள்ளைகள் கைதட்டினார்கள், சான்றிதழ் வாங்கினார்கள், போய்விட்டார்கள். அடுத்த வாரம் வந்தது ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரோடுதான் உண்மையில் ஆரம்பித்தோம்.

அன்று சும்மா ஒரு விளையாட்டு வைத்தோம். ஒருவர் "என்கூட டவுனுக்கு வர்றியா?" என்று கேட்க வேண்டும். மற்றவர் "இல்லை" என்று மட்டும் சொல்வார். கேட்டவர் "சரி" என்று சொல்லி உட்கார வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான். பையன்களில் ஒருவனால்கூட முதல் தடவை உட்கார முடியவில்லை. "ஏன்?" "கேக்கக் கூடாதுல, உக்காரு." "சரி, நாளைக்கு?" ஒருவன் மூன்று தடவை கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "அவ சும்மா சொல்லுதா சார்" என்றான். அந்தப் பிள்ளை அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். வெறும் விளையாட்டு, எதிரே ஐந்து பெரியவர்கள், பட்டப்பகல். அப்போதே இப்படி. இதில் அவனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? வேண்டாம் என்று சொன்ன பெண்ணைப் பின்தொடர்ந்து பின்தொடர்ந்து சம்மதிக்க வைப்பதை மூன்று தலைமுறையாக நம் சினிமா வீரம் என்று காட்டியிருக்கிறது. 'இல்லை' என்பது பேச்சின் ஆரம்பம் என்றுதான் அவன் கற்றிருக்கிறான். 2022-ல் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவியை ஓடும் ரயில் முன் தள்ளிக் கொன்ற செய்தியைப் படித்தபோது எனக்குள் ஓடியது ஒரே கேள்வி. அவனிடம் யாராவது, எப்போதாவது, இந்த விளையாட்டை விளையாடியிருப்பார்களா?

வழக்கமாக என்ன செய்கிறோம்? பெண் பிள்ளைகளை மட்டும் ஹாலில் உட்கார வைத்து 'குட் டச், பேட் டச்', கராத்தே, ஜாக்கிரதை. பையன்களை கிரவுண்டுக்கு அனுப்பிவிடுவோம். ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவர்களுக்கு வகுப்பு, மாற வேண்டியவர்களுக்கு கிரிக்கெட்.

இன்னொரு ஞாயிறு, பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "பாஸ்வேர்டே கேக்கலன்னா அவனுக்கு என் மேல அக்கறை இல்லன்னுதானே சார் அர்த்தம்?" யாரும் சிரிக்கவில்லை. 'பொசசிவ்' என்ற சொல்லை அவர்கள் பாராட்டாகத்தான் பயன்படுத்துகிறார்கள். நான் அறிவுரை சொல்ல வாயெடுத்தேன். எங்கள் குழுவில் இருக்கும் டீச்சர் என்னை நிறுத்திவிட்டு, "உங்க வீட்ல யார் போனை யாரு எடுத்துப் பாக்கலாம்?" என்று கேட்டார். பதில்கள் ஒரே மாதிரி வந்தன. அப்பா எல்லார் போனையும் பார்க்கலாம். அண்ணன் தங்கச்சி போனைப் பார்க்கலாம். அம்மா போனுக்கு லாக்கே கிடையாது. அப்பா போன் நம்பர் லாக் யாருக்கும் தெரியாது. அதற்குமேல் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் தடுமாறிய இடம் ஒன்று உண்டு. இப்படிப் பயிற்சி நடத்துகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது என்பதால் சொல்கிறேன். கூட்டம் முடிந்ததும் ஒரு பிள்ளை தனியாக வந்து, "யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க சார், ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள். கையை நீட்டப் போனேன். எங்கள் வக்கீல் நண்பர் தடுத்துவிட்டார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் இருக்கும் எல்லோரும் குழந்தைகள். குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பது 19, 21-ஆம் பிரிவுகளின்படி தண்டனைக்குரியது. அப்படிப்பட்ட சத்தியத்தை நான் பண்ணவே முடியாது. இப்போதெல்லாம் கூட்டம் தொடங்கும்போதே, எதை எங்களுக்குள் வைத்துக்கொள்வோம், எதை வைத்துக்கொள்ள முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். இதனால் சில பிள்ளைகள் வாய் திறக்காமல் போகலாம், உண்மைதான். ஆனால் சத்தியம் பண்ணிவிட்டு மீறுவது அதைவிட மோசம்.

அதே சட்டத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. மனமொத்துப் பழகிய இளவயதினர் மீதும் அது பாய்கிறது. 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றமே, விடலைக் காதலில் சிக்கியவர்களைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று சொல்லி ஒரு வழக்கை ரத்து செய்தது. ஆனால் சட்டம் மாறவில்லை. பத்தொன்பது வயதுப் பையன்கள் இதைக் கேட்டு வெளிறிப்போனார்கள். காதலிப்பதற்கு முன் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அப்புறம் சாதி. இதைப் பேசாமல் எங்கள் பக்கம் உறவைப் பற்றிப் பேசுவது வேஷம். இணையத்தில் கிடைக்கும் கையேடுகளில் நம்பிக்கை, மரியாதை, எல்லை என்று அழகாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் சாதி என்ற சொல்லைக் காணோம். 2016-ல் உடுமலைப்பேட்டையில், வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்ததற்காகச் சங்கரை வெட்டியது அந்தப் பட்டியலில் எந்த எண்ணில் வரும்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து ஒரு பையனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதி அடையாளமாக மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்றது. எங்கள் கூட்டத்திலும் முதலில் கயிற்றின் நிறப்படிதான் உட்கார்ந்தார்கள். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. டீ போடும் வேலையைக் குலுக்கல் முறையில் இரண்டிரண்டு பேருக்குக் கொடுத்தோம். நாலு மாதம் ஆனது. கயிறு இன்னும் எல்லார் கையிலிருந்தும் போகவில்லை. உட்காரும் இடம் மட்டும் கலைந்திருக்கிறது.

இப்போது வாரம் ஒருவர் தலைவர். வேலை ஒன்றுதான். கூட்டத்தில் பேசாதவர்கள் பேரை மனதில் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் அவர்களுக்கு வாய்ப்பு வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறாம் வகுப்பு சாக்பீஸுக்கு நான் செய்யும் பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் பெரிய நிதி தேவையில்லை. 1969-லிருந்து நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. ஏழு நாள் முகாமில் கருவேல முள் வெட்டி, கோயிலுக்கு வெள்ளையடித்து, சாயங்காலம் ஆனால் பிள்ளைகள் சும்மாதான் இருக்கிறார்கள். அதில் இரண்டு சாயங்காலம் போதும். ஆனால் மேலிருந்து வந்தால்தான் நடக்கும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 2005-ல் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை, கலாச்சாரம் கெட்டுவிடும் என்ற எதிர்ப்பில் 2007-ல் மகாராஷ்டிரம், கர்நாடகம் உட்படப் பல மாநிலங்கள் நிறுத்திவிட்டன.

நூலகச் சுவரில் மூன்று எண்கள் எழுதியிருக்கிறோம். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, மனசு சரியில்லை என்றால் 14416. எல்லோரும் கிளம்பிய பிறகு, செருப்பை மறந்துவிட்டதாகத் திரும்பி வந்த ஒரு பையன், மூன்றாவது எண்ணை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போனான். நான் பார்க்காத மாதிரி நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் அப்பாக்களைக் கூப்பிடலாம் என்று இருக்கிறோம். போன் லாக் விஷயம் அவர்களோடுதான் பேசியாக வேண்டும். நோட்டீஸில் என்ன போடுவது என்பதுதான் சிக்கல். 'பயிர்க் காப்பீடு விளக்கக் கூட்டம்' என்று போட்டுவிடலாம் என்கிறார் வக்கீல்.