எந்தப் ‘படி’?

“போய்ப் படி” என்று பிள்ளையிடம் சொல்லாத பெற்றோர் இருக்க மாட்டார்கள். கதைப் புத்தகமும் கையுமாக இருக்கிற பிள்ளையிடமும் அதையேதான் சொல்கிறோம். அது படித்துக்கொண்டுதானே இருக்கிறது! வாசிப்பதற்கும் பாடம் கற்பதற்கும் நமக்கு இருப்பது ஒரே சொல். வீட்டிலோ இரண்டையும் ஜென்மப் பகையாக்கி வைத்திருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் கதைப் புத்தகம் அலமாரிக்கு மேலே போய்விடுகிறது. “பரீட்சை முடியட்டும், அப்புறம் படிக்கலாம்.” அந்த அப்புறம் பல வீடுகளில் வந்ததே இல்லை. பிறகு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாசிப்பதில்லை என்று போனைத் திட்டுகிறோம். போன் மீதும் குற்றம் உண்டுதான். ஆனால் புத்தகத்தைப் பிடுங்கி வைத்தது போன் இல்லை.

பதினைந்து வருடமாகக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். வருகிறவர்கள் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்தான். முதல் வாரம் முப்பது பக்கக் கட்டுரை ஒன்றைக் கொடுத்து வாசித்துவரச் சொல்வேன். மறுநாள் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் இருக்கும்: “சார், இதில் எது முக்கியம்?” ஆரம்பத்தில் கோபம் வரும். இப்போது வருவதில்லை. பன்னிரண்டு வருடமாக முக்கியமானதை யாரோ ஒருவர் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார். கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பதில் வரியைத் தேடிப் பாடத்துக்குள் போய்ப் பழகியவர்கள் இவர்கள். கல்லூரியில் கேள்வியையும் அவர்களே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

என் கதை இதைவிட மோசம். கல்லூரியில் முதல் தேர்வுக்கு ஒரு பாடத்தை நான்கு தடவை வாசித்தேன், மஞ்சளும் பச்சையுமாகக் கோடு வேறு. தேர்வறையில் உட்கார்ந்தால் அந்தப் பதில் இடப்பக்கம், மேலே, பச்சைக் கோட்டுக்குள் இருந்தது என்பது வரை ஞாபகம் வருகிறது. என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் வரவில்லை.

ஏன் அப்படி ஆனது என்று எனக்குப் புரிந்தது பல வருடம் கழித்து. ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்கள் ஒரு பகுதியை வாசிக்க வேண்டும். அதன்பின் ஒரு சாரார் அதையே மறுபடி வாசித்தார்கள். மற்றவர்கள் பார்க்காமல் ஞாபகம் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்களே ஜெயித்தார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். மறுபடி வாசித்தவர்களிடம் மிஞ்சியது 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களிடம் 56.

இதில் அந்த ஐந்து நிமிடக் கணக்குதான் ஆளைக் கவிழ்ப்பது. மறுபடி வாசிக்கும்போது வரிகள் பழகிய முகம் மாதிரி இருக்கும், எல்லாம் தெரிந்துவிட்டது என்று தோன்றும். முகம் தெரிந்தால் போதுமா, பெயர் சொல்ல வர வேண்டாமா? புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்க்கிற பிள்ளைக்கோ முதல் நாள் ஒன்றுமே வராது, எரிச்சலாக இருக்கும். தான் மக்கு என்றுகூட நினைத்துக்கொள்ளும். அந்த எரிச்சலில்தான் பாடம் ஒட்டுகிறது என்பதை அப்போது பக்கத்தில் இருந்து யாராவது சொல்ல வேண்டும்.

பத்துப் படிப்பு முறைகளை அலசிய 2013-ஆம் ஆண்டின் ஆய்வுக் கட்டுரை ஒன்று, தன்னைத்தானே சோதித்துக்கொள்வதையும் நாள்விட்டு நாள் பிரித்துப் படிப்பதையும்தான் மேலே வைத்தது. கோடு போடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் அடிமட்டத்தில். ஹைலைட்டர் வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

சரி, கதைப் புத்தகத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 1988-இல் வெளியானது. ரெக்ட், லெஸ்லி என்ற இருவர், ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பகுதியைக் கொடுத்தார்கள். நன்றாக வாசிப்பவர்கள், திக்கித் திணறுபவர்கள், ஆட்டம் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று எல்லோரும் கலந்திருந்தார்கள். வாசிப்பில் பின்தங்கி, ஆனால் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், ஆட்டம் தெரியாத கெட்டிக்கார வாசகர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஏற்கெனவே தெரிந்த விஷயங்கள்தான் புதியதைப் பிடித்துக்கொள்ள இடம் கொடுக்கின்றன. பதினான்கு வயதில் கடல் பயணம், விண்வெளி, துப்பறியும் கதை, பழைய போர்கள் என்று கண்டதையும் வாசித்த பிள்ளைக்குப் பொருளாதாரப் பாடத்தின் முதல் பக்கம் அந்நியமாக இருக்காது. அலமாரிக்கு மேலே போன புத்தகமும் பாடம்தான் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒன்பதாம் வகுப்பில் என்ன செய்யலாம்? ஒரு நாளைக்கு இருபது நிமிடம், போன் வேறு அறையில். புத்தகத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், பிடிக்காவிட்டால் பாதியில் தூக்கிப் போடவும் உரிமை வேண்டும். பெரியவர்கள் தரும் ‘நல்ல புத்தக’ப் பட்டியலைப் போல வாசிப்பைக் கொல்வது வேறில்லை. இருபது நிமிடத்தில் பத்துப் பக்கம் என்றாலும் வருடத்துக்கு மூவாயிரத்து அறுநூறு பக்கத்துக்கு மேல் வரும். பாடப் புத்தகத்துக்கு வேறு பழக்கம் வேண்டும்: ஒரு பகுதி முடிந்ததும் மூடிவிட்டு வெள்ளைத் தாளில் எழுதுவது, பிறகு திறந்து விட்டுப்போனதைச் சேர்ப்பது, மூன்று நாள் கழித்து அதையே இன்னொரு முறை. நோட்டில் இடப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டுத் தன் கேள்விகளையும் எழுதலாம். டியூஷனுக்கு டியூஷன் ஓடுகிற பிள்ளைக்கு இதற்கு நேரம் இருக்காதே என்பீர்கள். ஒரு டியூஷனை நிறுத்துங்கள் என்பது என் கட்சி, சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

இந்த வருடம் முதல் வகுப்பில் ஐந்து பக்கம் வாசிக்கவைத்து, தாளை வாங்கிக்கொண்டு எழுதச் சொன்னேன். பெரும்பாலானவர்கள் மூன்று வரியைத் தாண்டவில்லை. வாரம் ஒருமுறை இதைத் தொடர்ந்தோம். நான்காவது வாரம் பின்வரிசைப் பெண் ஒருத்தி, “சார், இரண்டாம் பக்கத்தில் சொன்னதை இவரே ஐந்தாம் பக்கத்தில் மறுக்கிறாரே?” என்றாள். அந்தக் கட்டுரையை ஆறு வருடமாக வகுப்பில் கொடுத்துவருகிறேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அதை எடுத்து வாசித்தேன். அவள் சொன்னது சரி.