ஆட்டத்தை எப்போது தொடங்குவீர்கள்?

காரைக்குடியில் இலவசக் கலைவிழா என்றாலே எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஆட்டம் தொடங்குவதற்குள் பொறுமை போய்விடுகிறது. குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, ஆளுக்கொரு பொன்னாடை, நினைவுப் பரிசு, போட்டோ. 6 மணி என்று போட்ட நிகழ்ச்சி 8 மணி வரை பேச்சிலேயே கிடக்கிறது.

மேடைக்குப் பின்னால், நெல்லைப் பக்கமிருந்து வந்த கணியான் கூத்துக் கலைஞர்கள் வேஷம் கட்டி, அரிதாரம் வேர்வையில் கரையக் காத்திருக்கிறார்கள். கோயில் கொடை விழாவில் இரவெல்லாம் கதை சொல்லும் கலை அது. தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, மகுடம் என்ற தோல்கருவி முழங்க, பெண் வேடமிட்ட ஆண்கள் ஆடுவார்கள். அவர்களுக்குப் பத்தே நிமிடமா? தேவராட்டம் ஆட வந்தவர்களும் உறுமி மேளம் சூடு பிடிக்கும் முன்பே இறங்க வேண்டியிருக்கிறது. உறுமியின் அடி மாற மாறத்தான் அடவும் மாறும். அதைப் பார்க்க விடாமல் எதற்கு விழா?

1939-இல் கம்பன் விழா தொடங்கிய ஊர் இது. நல்ல பேச்சு எங்களுக்கு அலுக்காது. ஆனால் அதற்கான மேடை வேறு.

இன்னொன்று, முன்வரிசை சோபாக்கள். பேசியவர்கள் கிளம்பியதும் அவை காலியாகிவிடும். அப்போதும் பின்னால் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்பவர்களை உட்கார விடுவதில்லை. எல்லோருக்குமான விழா என்றுதானே நோட்டீஸ் அடிக்கிறார்கள்?

சொன்ன நேரத்துக்கு ஆட்டத்தைத் தொடங்குங்கள். முதல் பொன்னாடையை மகுடம் அடிப்பவருக்குப் போடுங்கள். பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.