ஆற்றோரப் பாதை அறுபடாமல் இருக்க வேண்டும்

என் அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. தொண்ணூறுகளில், எரிபொருள் தடையினால் யாழ்ப்பாணத்து வீதிகளில் பேருந்தே அரிதாகிப்போயிருந்த காலத்தில், என்னைப் பின் கரியரில் இருத்திக்கொண்டு கோண்டாவிலிலிருந்து நகரத்துக்கு நாள்தோறும் சைக்கிள் மிதித்தவர் அவர். இங்கிலாந்துக்கு வந்த பிறகு ஒரு நாளும் அவர் சைக்கிளில் ஏறவில்லை. காலில் பலம் இல்லாமற் போனது அதற்குக் காரணமல்ல; தோளை உரசுவதுபோலப் பக்கத்தால் பாய்ந்து செல்லும் வாகனங்களுக்கு நடுவே தன் உயிரைப் பணயம் வைக்க அவர் விரும்பவில்லை. அப்படிப்பட்டவர் சென்ற மே மாதம் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள கோர்ன்வாலில் வேட்பிரிட்ஜ் என்ற சிறு நகரத்திலிருந்து பாட்ஸ்டோ துறைமுகம் வரை ஒன்பது கிலோமீற்றர் மிதித்துச் சென்று, அங்கு தேநீர் குடித்துவிட்டு, அதே ஒன்பது கிலோமீற்றரையும் மிதித்துத் திரும்பி வந்தார். அவரை மீண்டும் சைக்கிளில் ஏறவைத்த அந்தப் பாதையைப் பற்றியும், அத்தகைய பாதைகள் எப்படி உருவாகின்றன, எப்படிக் கைநழுவிப் போகின்றன என்பதைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும் என்று தோன்றியது.

கேமல் ட்ரெயில் என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கும் ஒட்டகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் கேமல் என்பது அங்கு ஓடும் ஆற்றின் பெயர், பழைய கோர்னிஷ் மொழியில் வளைவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பாட்மின் மேட்டுநிலத்தில் பிறந்து, பெயருக்கேற்ப வளைந்து வளைந்து இறங்கி, பாட்ஸ்டோவுக்கு அருகே அத்திலாந்திக் கடலில் கலக்கிறது அந்த ஆறு. பாதை மொத்தம் ஏறத்தாழ 18 மைல், அதாவது 29 கிலோமீற்றர். கடற்பக்கத்துக் கழிமுகத்தை ஒட்டிய பகுதி திறந்த வெளியாக இருக்கும். வேட்பிரிட்ஜுக்கு மேலே, பாட்மினைத் தாண்டி வென்போர்ட்பிரிட்ஜ் வரை செல்லும் பகுதி ஓக் மரங்களின் நிழலில், ஆற்றின் சலசலப்பைக் கேட்டபடி செல்லும்.

இந்தப் பாதை சைக்கிளுக்காகப் போடப்பட்டதல்ல. இது ஒரு புகையிரதப் பாதையின் உடல். 1834 ஆம் ஆண்டில், உலகத்தில் நீராவிப் புகையிரதம் என்பதே புதினமாக இருந்த காலத்தில், வேட்பிரிட்ஜுக்கும் பாட்மினுக்கும் இடையே தண்டவாளம் போடப்பட்டது. பயணிகளை ஏற்றுவது அதன் முதல் நோக்கமாக இருக்கவில்லை. உள்நாட்டு வயல்களின் மண் புளிப்புத் தன்மை கொண்டது. சிப்பிகளின் சுண்ணாம்பு கலந்த கடல் மணலை அதில் இட்டால் பயிர் நன்றாக விளையும். ஆகவே கழிமுகத்திலிருந்து அள்ளிய மணலை விவசாயிகளிடம் கொண்டு சேர்க்கவே அந்த இரும்புப் பாதை பிறந்தது. 1899 இல் மற்றொரு பாதை வேட்பிரிட்ஜிலிருந்து பாட்ஸ்டோவைத் தொட்டது. லண்டன் வாட்டர்லூவிலிருந்து 260 மைல் ஓடிவந்த வண்டி கடலைக் கண்டு நின்ற இடம் அதுவே. 1967 ஜனவரியில் பயணிகள் சேவை நின்றது. மேற்பகுதியில் வெண்களிமண் ஏற்றிய வண்டிகள் மட்டும் 1983 வரை ஓடின. அந்த மேற்பகுதியின் வளைவுகள் மிகவும் இறுக்கமானவை என்பதால், 1870களில் கட்டப்பட்ட மூன்று சிறிய இயந்திரங்களை 1962 வரை அங்கு ஓட்ட வேண்டியிருந்தது. இன்று அந்த வளைவுகளில் சைக்கிளைச் சரித்துத் திரும்பும்போது, அந்தக் கிழட்டு இயந்திரங்களை நினைத்துக்கொள்வேன்.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஏற்றம் ஏறும்போது வழுக்கும். ஆதலால் பாதை போட்டவர்கள் செங்குத்தான சரிவுகளைத் தம்மால் முடிந்தவரை தவிர்த்தார்கள். ஆறு ஏற்கனவே பல ஆயிரம் ஆண்டுகளாகத் தேடிக் கண்டுபிடித்து அரித்து வைத்திருந்த மெல்லிய சரிவை அவர்கள் பின்பற்றினார்கள். ஆறு அதிகமாக வளைந்த இடத்தில் மலையைக் குடைந்தார்கள் அல்லது மண்ணை நிரப்பினார்கள். எனவே, அறுபத்தெட்டு வயதுக்காரர் மூச்சு வாங்காமல் மிதிக்க முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் ஆற்றின் உழைப்பும் மண்வெட்டி பிடித்த ஆயிரக்கணக்கானவர்களின் உழைப்பும் இருக்கின்றன. இன்று அத்தகைய ஒரு பாதையைப் புதிதாகப் போடுவதானால் எத்தனை காணிச் சொந்தக்காரர்களிடம் போய் நிற்க வேண்டியிருக்கும், எத்தனை பாலங்கள் கட்ட வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வேட்பிரிட்ஜில் வாடகைக்குச் சைக்கிள் எடுத்தோம். அம்மா சீற்றைத் தாழ்த்தச் சொன்னார். இரண்டு கால்களும் முழுமையாகத் தரையில் படுகின்றனவா என்று பார்த்தார். பிறகு ஏறாமல், வண்டியைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்து, இரண்டு பிரேக்கையும் தனித்தனியாக அழுத்திப் பார்த்தார். “முதல்ல பிரேக்கைப் பிடிச்சுப் பாக்கோணும், பிறகுதான் மற்றதெல்லாம்” என்று என் மகளுக்குச் சொன்னார். ஏறிய முதல் நூறு மீற்றர் கைப்பிடி ஆடியது. எதிரே நாயுடன் வந்த ஒருவர் அதைக் கண்டு ஓரமாக ஒதுங்கி நின்று, சிரித்துக்கொண்டே வழிவிட்டார். அதற்குப் பிறகு ஆட்டம் இல்லை. கடல் வற்றியிருந்த நேரம். வலப்புறத்தில் கழிமுகம் முழுவதும் ஈரமணலும் சேறுமாக மினுங்கியது. சேற்றில் காலை மெதுவாகத் தூக்கித் தூக்கி வைத்து மீன் தேடிய வெள்ளைக் கொக்கு ஒன்றைக் கண்டதும் வண்டியை நிறுத்திவிட்டார். “இது எங்கட தொண்டைமானாத்துக் கொக்கெல்லோ!” என்றார். உண்மைதான். நம் கடல்நீரேரிகளில் நிற்கும் அதே சின்னக் கொக்கு, பிரித்தானியாவில் 1996 இல்தான் முதன்முதலாகக் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. வாகன இரைச்சல் இல்லாததால் அந்தக் கொக்கு எங்களைக் கண்டு பறக்கவில்லை, நாங்களும் அவசரப்படவில்லை. பாட்ஸ்டோவை நெருங்கும்போது ஒரு சிற்றோடையின் வாய்க்கு மேலே பழைய இரும்புப் பாலம் வரும். அதன் நடுவில் நின்று இரு பக்கமும் பார்த்த அந்த ஐந்து நிமிடங்களை அம்மா இப்போதும் தொலைபேசியில் உறவினர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனி, எனக்கு உண்மையாகவே கவலை தரும் விடயத்துக்கு வருகிறேன். 1963 இல் வெளிவந்த பீச்சிங் அறிக்கை, பிரித்தானியாவில் 2,363 புகையிரத நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 மைல் பாதையையும் மூடலாம் என்றது. அவற்றில் பெரும்பகுதி மூடப்பட்டது. மூடியது சரியா தவறா என்ற வாதம் இன்றும் நடக்கிறது. அதற்குள் நான் போகவில்லை. மூடிய பிறகு நடந்ததே பெரிய இழப்பு என்பது என் கருத்து. பல ஊர்களில் அந்த நீண்ட ஒற்றைக் காணித்துண்டு துண்டு துண்டாக விற்கப்பட்டது. ஓரிடத்தில் வீடு வந்தது, இன்னோரிடத்தில் களஞ்சியம் வந்தது, வேறோரிடத்தில் பாலம் பிரிக்கப்பட்டது. பத்து மைல் பாதையில் நூறு மீற்றர் பறிபோனாலும், குடும்பத்தோடு செல்பவருக்கு அது பத்து மைலும் பறிபோனதற்குச் சமம், ஏனென்றால் அந்த நூறு மீற்றருக்காகக் குழந்தையைப் பெருவீதியில் இறக்க எந்தப் பெற்றோரும் துணியமாட்டார்கள்.

டார்பிஷையரில் வை ஆற்றின் பள்ளத்தாக்கில் செல்லும் மொன்சல் ட்ரெயில் இதற்கு நல்ல உதாரணம். 1860களில் அங்கு புகையிரதம் வந்தபோது, பள்ளத்தாக்கின் அழகு அழிந்துவிட்டது என்று கலை விமர்சகர் ஜோன் ரஸ்கின் மிகவும் மனம் நொந்து எழுதினார். 1968 இல் அந்தப் பாதை மூடப்பட்டு, 1981 இல் பொதுமக்களுக்கான பாதையாகத் திறக்கப்பட்டது. ஆனால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 400 மீற்றர் நீளமான நான்கு சுரங்கங்கள் பூட்டியே கிடந்தன. அவற்றைச் சுற்றிச் செல்வதற்குக் கரடுமுரடான ஒற்றையடிப் பாதைகளையே நம்ப வேண்டியிருந்தது. 2011 மே மாதத்தில் சுரங்கங்களுக்குள் விளக்குப் போட்டுத் திறந்த பிறகுதான் எட்டரை மைல் பாதையும் ஒன்றாயிற்று, சைக்கிள்கள் அதில் முழுமையாக ஓடத் தொடங்கின. நிலப்பரப்பும் மாறவில்லை, ஆறும் மாறவில்லை. இடையிலிருந்த அடைப்புகள் நீங்கின, அவ்வளவுதான்.

பிரிஸ்டலில் 1977 இல் ஒன்றுகூடிய சிலர் இதை எல்லோருக்கும் முன்பே உணர்ந்திருந்தார்கள். 1979 முதல் 1986 வரை, பெரும்பாலும் தொண்டர்களின் கைகளாலேயே, பிரிஸ்டலிலிருந்து பாத் வரை 13 மைல் பழைய புகையிரதப் பாதையைச் செப்பனிட்டு முடித்தார்கள். அவர்களிடமிருந்து வளர்ந்த சஸ்ட்ரான்ஸ் அமைப்புக்கு 1995 இல் லொத்தர் நிதியிலிருந்து நாற்பது மில்லியன் பவுணுக்கும் மேல் கிடைத்தது. தேசிய சைக்கிள் வலையமைப்பு அதிலிருந்து பிறந்தது. நான் அந்த அமைப்பை மிகவும் மதிப்பது வேறொரு செயலுக்காக. 2020 இல், தம் வரைபடத்தில் இருந்த வழிகளில் ஏறத்தாழக் கால்வாசி பாதுகாப்பானவை அல்ல, அவை வாகனம் நிறைந்த வீதிகளில் செல்கின்றன என்று தாமே ஒப்புக்கொண்டு, அவற்றை வலையமைப்பிலிருந்து நீக்கவோ வேறாக வகைப்படுத்தவோ செய்தார்கள். மைல் கணக்கைக் காட்டிப் பெருமை பேசும் காலத்தில், குறைத்துக் காட்டத் துணிந்தது நேர்மையான செயல்.

நான் வசிக்கும் ஊரிலும் ஒரு “சைக்கிள் வழி” உண்டு. வீதியோரத்தில் வெள்ளைக்கோடு போட்டு, சைக்கிள் படத்தையும் வரைந்திருக்கிறார்கள். அது ஒரு வட்டச் சந்தியின் வாயில் எந்த அறிவிப்பும் இன்றி முடிகிறது. என் மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது, கோட்டை நம்பி முன்னே சென்றவள் அந்த இடத்தில் தடுமாறி நின்றாள். பின்னால் வந்த வான் சத்தமாக ஹோர்ன் அடித்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த இரண்டு வருடங்கள் அவள் சைக்கிளைத் தொடவில்லை. எட்டு வயதுப் பிள்ளையும் அறுபத்தெட்டு வயது அம்மாவும் தனியாகச் செல்ல முடியாத வழிக்கு அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது என்று அன்றிலிருந்து நான் உறுதியாக நம்புகிறேன்.

விடுமுறைப் பொழுதுபோக்குக்குப் பொதுப்பணம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். காருக்கு வெளியே, கட்டணம் இல்லாமல், மூன்று தலைமுறை ஒன்றாகச் சேர்ந்து உடலை அசைக்கக்கூடிய இடம் ஒரு நாட்டில் எத்தனை இருக்கின்றன? சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அதே சமதரை பயன்படுகிறது. இன்னொரு குறை நியாயமானது: கார் இல்லாத இந்தப் பாதைக்கு வருகிறவர்களில் மிகப் பலர் காரில்தான் வருகிறார்கள், நாங்களும் அப்படித்தான் போனோம். பாட்மின் பார்க்வே புகையிரத நிலையத்திலிருந்து பாதையின் தொடக்கம் வரை பாதுகாப்பான இணைப்பு ஒன்று இருந்தால், வண்டியில் வந்திறங்கும் குடும்பம் அங்கிருந்தே மிதிக்கத் தொடங்கலாம். வேகமாக மிதிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நடப்பவரைத் தாண்டும்போது தொலைவிலேயே பெல் அடியுங்கள், வேகத்தைக் குறையுங்கள். நேரம் பார்த்து ஓடுவதற்கான இடம் இதுவல்ல.

பாட்ஸ்டோவிலிருந்து திரும்பி வந்தபோது பிற்பகல் மூன்று மணி. அம்மாவுக்குக் களைப்பு இல்லை; பாட்மின் பக்கம் மரநிழலில் இன்னும் கொஞ்சம் போகலாம் என்றார். ஆனால் கழிமுகப் பாதைக்கும் ஆற்றோரப் பாதைக்கும் இடையே, வேட்பிரிட்ஜ் நகரத்தின் வீதிகளூடாகச் சிறிது தூரம் செல்ல வேண்டும். பழைய புகையிரத நிலையக் கட்டடம் இன்று முதியோருக்கான நிலையமாக அங்கேயே நிற்கிறது; தண்டவாளம் கிடந்த இடத்தில்தான் பாதை இல்லை. கார்கள் வரிசையாக நின்ற அந்தத் தெருவின் முனையில், அன்று முழுவதும் பயமில்லாமல் மிதித்துவந்த அம்மா முதல்முறையாகப் பயந்து இறங்கினார். வண்டியை ஒரு கையால் உருட்டி, மறு கையால் என் மகளைப் பிடித்துக்கொண்டு, நடைபாதையோரமாக நடந்தார். மறுபக்கத்தில் மரங்கள் தொடங்கிய இடத்தில் மீண்டும் ஏறிக்கொண்டார்.